இடக்கைக் கலைஞன்

கலைஞர்களை வரிசையில் நிறுத்தி இலக்கமிடும் ஆசை மனிதரை விட்டு எளிதில் நீங்குவதில்லை. றொக் இசையின் இரசிகர்களிடத்தே அது ஆசை என்ற நிலையையும் கடந்து, ஓயாத வழக்காகவே வளர்ந்துவிட்டது. எந்தக் குழு தன் தகுதிக்கு மேலாகப் புகழப்படுகிறது, எந்தக் கலைஞன் முதல்வன், எவன் இரண்டாமவன் என்று அவர்கள் விடியுமட்டும் வாதிடுவர். அவ்வழக்கில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் தீர்ப்பு ஒன்று உண்டு. மின்கிற்றார் வாசித்தோருள் முதலிடம் ஜிமி ஹென்ரிக்ஸுக்கு உரியது என்பதே அது. அமெரிக்காவில் வெளிவரும் றோலிங் ஸ்டோன் சஞ்சிகை 2003, 2011, 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட பட்டியல்கள் நான்கிலும் முதற்பெயர் அவருடையதே.

எனக்கு அத்தீர்ப்பிலே ஒரு மனக்குறை உண்டு. அவருடைய தகுதியைப் பற்றிய ஐயம் எனக்கில்லை. ஆனால் அந்த முதலிடமே அம்மனிதரை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்பேன். பற்களாலே தந்தியை மீட்டியவர், கிற்றாருக்குத் தீயிட்டவர், மற்றெல்லாரினும் உரத்து வாசித்தவர் என்ற அளவிலே அவரை அறிந்தோர் பலர். றொக் இசை என்றதும் காதைப் பொத்திக்கொள்ளும் பெரியோரும் அவ்வளவே அறிவர். இரு சாராரையும் மனத்திற்கொண்டே அவருடைய வாழ்வைச் சொல்லப் புகுகிறேன்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியற்றில் நகரிலே 1942ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் அவர் பிறந்தார். தாய் லூசிலுக்கு அப்போது பதினேழு வயது. தந்தை அல் ஹென்ரிக்ஸ் இராணுவ சேவையில் இருந்தார். குழந்தைக்கு முதலில் இட்ட பெயர் ஜொனி அலன். போர் முடிந்து வந்த தந்தை 1946இல் அதனை ஜேம்ஸ் மார்ஷல் என்று மாற்றினார். பின்னர் பெற்றோர் மணமுறிவு பெற்றனர். பிள்ளை உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தான். தாய் 1958இல் இறந்தார்.

தந்தையோடு கூலிவேலைக்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டின் குப்பைக்குள்ளே பழைய உக்குலேலி ஒன்று அகப்பட்டது. கிற்றாரின் சிறு தம்பி போன்ற அவ்வாத்தியத்தில் எஞ்சியிருந்தது ஒரே தந்தி. அந்த ஒற்றைத் தந்தியிலே, வானொலியிற் கேட்ட பாட்டுக்களைக் காதாலே பிடித்து அவன் வாசித்துப் பழகினான். 1958இல் ஐந்து டொலருக்கு ஒரு பழைய கிற்றார் வந்தது. அடுத்த ஆண்டு தந்தை ஒரு மின்கிற்றார் வாங்கிக் கொடுத்தார். சிறுவனோ இடக்கைக்காரன். வலக்கைக்காரருக்கென்று செய்த வாத்தியத்தைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை இடம்மாற்றிக் கட்டிக்கொண்டான். வறுமை கற்பித்த இவ்வுபாயம் பிற்காலத்தில் அவருடைய நாதத்துக்கே ஒரு காரணமாயிற்று. ஃபென்டர் ஸ்ட்ராற்றோகாஸ்ரர் என்னும் கிற்றாரில், தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் காந்தச் சுருள்களில் ஒன்று சரிவாகப் பொருத்தப்பட்டிருக்கும். வாத்தியத்தைத் திருப்பினால் அச்சரிவும் திரும்பும். அதனால் தடித்த தந்திகளின் ஒலியிலே கூர்மையும் மெல்லிய தந்திகளின் ஒலியிலே கனிவும் ஏறும்.

களவெடுத்த வாகனங்களில் ஏறிச் சென்ற குற்றத்துக்காகப் பொலிசாரிடம் இருமுறை பிடிபட்ட இளைஞர், சிறையா படையா என்ற நிலையிலே 1961இல் இராணுவத்தில் சேர்ந்தார். வானூர்தியிலிருந்து குதிக்கும் 101ஆவது படைப்பிரிவு அவருக்கு வாய்த்தது. கிற்றாரை அனுப்பிவைக்குமாறு தந்தைக்குக் கடிதம் எழுதினார். அது வந்தபின் படைத்தொழிலில் அவருக்கு இருந்த சிறிதளவு நாட்டமும் அகன்றது. படைக்குப் பொருத்தமற்றவர் என்று 1962இல் விடுவித்தார்கள். இராணுவத்தால் அவருக்குக் கிடைத்த நன்மை, பேஸ் கிற்றார் வாசிக்கும் பில்லி கொக்ஸ் என்ற நண்பர் ஒருவரே.

அதன் பின்வந்த நான்கு ஆண்டுகளைப் பட்டியல் எழுதுவோர் இரண்டு வரியிற் கடந்துவிடுகின்றனர். என் கணிப்பிலே அவர் வாழ்வின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. நிறப்பாகுபாடு கொடிகட்டிப் பறந்த காலம் அது. கறுப்பின மக்களுக்கென்று தனியே இருந்த அரங்குகளிலும் மதுச்சாலைகளிலும் ஊர் ஊராகச் சென்று, பிறருடைய பாட்டுக்குப் பின்னணி வாசிப்பதே ஹென்ரிக்ஸின் சீவியமாயிற்று. 1964இல் நியூயோர்க் சென்று, ஹார்லெமின் அப்பொலோ அரங்கிலே புதியோர் போட்டியில் முதற்பரிசு பெற்றார். எனினும் பரிசு வயிற்றை நிரப்பவில்லை. ஐஸ்லி சகோதரர்களுக்குப் பின்னால் நின்றார். லிற்றில் றிச்சாட்டுக்குப் பின்னால் நின்றார். பின்னால் நிற்பவன் பின்னாலேயே நிற்கவேண்டும் என்பது அக்குழுக்களின் சட்டம். உடை, நடை, காலடி யாவும் ஒரே சீராக இருத்தல் வேண்டும். இவரோ அச்சட்டத்துக்குள் அடங்காமல் வேலையை இழந்துகொண்டிருந்தார். 1965இல் ஒரு தயாரிப்பாளரோடு செய்த ஒப்பந்தத்திற்கு அவர் பெற்ற முற்பணம் ஒரு டொலர். விற்பனையில் அவர் பங்கு நூற்றுக்கு ஒன்று. பின்னாளில் வழக்காக வளர்ந்து அவர் நிம்மதியைக் குலைத்தது அந்தத் தாள்தான்.

ஆயினும் அந்த அடிமைத்தனம் போன்ற உழைப்பே அவருக்குக் கல்லூரி. பாடகன் மூச்செடுக்கும் இடம் எது, அவ்விடத்தை எவ்வாறு நிரப்புவது, எப்போது ஒதுங்கி நிற்பது என்பவற்றை அவர் அங்கே கற்றார். குறிப்பாக, கேட்டிஸ் மேஃபீல்ட் என்னும் கலைஞரின் மென்மையான வாசிப்பிலே பாடம் கேட்டார். பெரிய கைகள் வாய்த்தவராதலால், வலக்கைப் பெருவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்துத் தடித்த தந்தியை அழுத்தி, எஞ்சிய விரல்களால் மெல்லிய தந்திகளிலே சிறுசிறு அலங்காரங்களை இழைத்தார். தாளமும் இசையும் ஒரே கையிலிருந்து பிறந்தன. 1967இல் வெளிவந்த லிற்றில் விங் என்ற பாட்டைக் கேட்டுப்பாருங்கள். இரண்டரை நிமிடமும் இல்லை. தீயும் இல்லை, பல்லும் இல்லை. அவருடைய பெருமைக்குச் சான்று கேட்போருக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அந்த இசைத்தட்டையே.

1966இல் நியூயோர்க்கின் கிறீனிச் கிராமத்துக் கோப்பிக்கடை ஒன்றிலே அவர் வாசிப்பதைக் கேட்ட சாஸ் சான்ட்லர், அனிமல்ஸ் குழுவை விட்டு விலகும் தறுவாயில் இருந்த ஆங்கிலேயர். அவர் ஹென்ரிக்ஸை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். செப்டெம்பர் 24ஆம் நாள் விமானத்தை விட்டு இறங்கிய அமெரிக்கரை அந்நகரில் எவரும் அறியார். ஒக்டோபர் முதலாம் நாள், றீஜன்ற் வீதியிலுள்ள பொலிரெக்னிக் மண்டபத்திலே கிறீம் குழுவினருடன் ஒரு பாட்டு வாசிக்க இடம் கேட்டுப் பெற்றார். இங்கிலாந்தின் இரசிகர்கள் தெய்வமாகக் கொண்டாடிய எரிக் கிளப்ரன், அப்பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே திகைத்து மேடையை விட்டு அகன்றார். பட்டியல் மோகம் கொண்டோருக்கு இந்நிகழ்ச்சி தேன். எனக்கு அதில் உவப்பாயிருப்பது வேறொன்று: அதன்பின் அவ்விருவரும் நண்பராயினர்.

சான்ட்லர் திரட்டிய குழுவிலே மூவர். நோயல் றெடிங் கிற்றார் வாசிக்கும் வேலை தேடி வந்தவர். அவர் கையிலே பேஸ் கிற்றாரைக் கொடுத்தார்கள். டிரம்ஸ் வாசித்த மிச் மிச்செலோ ஜாஸ் இசையில் ஊறியவர். ஹென்ரிக்ஸ் ஒரு சொல் சொன்னால் இவர் மூன்று சொல் மறுமொழி கூறுவார். தனியொருவனாக ஹென்ரிக்ஸை உயர்த்தி வைக்கும் பட்டியல்கள் இம்மறுமொழியை எவ்வாறு எண்ணிக் கழிக்கின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. பிரித்தானியக் கடற்படை ஆய்வுகூடத்திலே பணியாற்றிய றொஜர் மேயர், வாசிக்கும் சுரத்தோடு அதன் மேற்தாயிச் சுரத்தையும் சேர்த்து ஒலிக்கும் சிறுபெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். எடி கிறேமர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அருந்துணையானார். ஒலிபெருக்கியிலிருந்து வரும் பேரொலி மீண்டும் தந்தியைத் தாக்கி அதிரச் செய்ய, ஓயாத ஓலம் ஒன்று எழும். ஏனையோர் குறையென்று அஞ்சி விலக்கிய அவ்வோலத்தை, நின்ற இடத்தையும் உடலையும் சிறிது அசைத்துச் சுரமாக ஆளும் வித்தை ஹென்ரிக்ஸுக்குக் கைவந்தது. அவருடைய முதல் நெடுந்தட்டு 1967 மே மாதம் வெளிவந்து பிரித்தானிய விற்பனையில் இரண்டாம் இடம்வரை ஏறியது. முதலிடத்தை அடைத்துக்கொண்டு நின்றது பீற்றில்ஸ்.

அவ்வாண்டு யூன் 18ஆம் நாள் கலிபோர்னியாவின் மொன்றெரே விழாவிலே அவர் கிற்றாருக்குத் தீயிட்டார். படம் பிடித்தார்கள், உலகமெங்கும் காட்டினார்கள். தகுதிக்கு மேற் புகழப்பட்டது எது என்று என்னைக் கேட்டால், எந்தக் குழுவின் பெயரையும் சொல்லேன். அந்தத் தீயையே சொல்வேன். அன்று அவர் வாசித்த இசை அதற்குள் எரிந்து போயிற்று.

அடுத்த மாதம் நடந்ததை நினைத்தால் நகைப்பு வரும். தொலைக்காட்சித் தொடருக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட மொங்கீஸ் குழுவின் சுற்றுலாவிலே, முன்நிகழ்ச்சி வாசிக்க ஹென்ரிக்ஸை ஒழுங்கு செய்தார்கள். தம் அபிமான நாயகர்களைக் காணவந்த சிறுமியர், இவர் வாசிக்கையிலே அவர்களின் பெயரைக் கூவி அழைத்தனர். சில நாட்களில் இவர் விலகிக்கொண்டார். பெண்கள் சங்கம் ஒன்றின் எதிர்ப்பே காரணம் என்று வேண்டுமென்றே ஒரு கட்டுக்கதையையும் பரப்பினார்கள். மொங்கீஸைப் போலிக்குழு என்று எள்ளுவது றொக் இரசிகரின் வழக்கம். ஆனால் ஹென்ரிக்ஸின் அருமையை அறிந்து அவரை விரும்பி அழைத்தவர்கள் அவர்களே. எள்ளுவோர் இதனையும் நினைத்தல் நன்று.

இவ்விடத்தில் பட்டியல்களைப் பற்றி ஒரு சொல். றொபேட் ஜோன்சன் 1938இல் இறந்த கலைஞர். 2003இல் அவருக்குக் கிடைத்த ஐந்தாம் இடம் 2011இல் எழுபத்தோராம் இடமாயிற்று. கல்லறையிலே அவருடைய விரல்கள் மழுங்கினவோ? எடி வான் ஹேலன் எழுபதாம் இடத்திலிருந்து இருபது ஆண்டுகளில் நான்காம் இடத்துக்கு வந்தார். 1973இல் மறைந்த சிஸ்ரர் றொசெற்றா தார்ப் என்ற அம்மையார், ஹென்ரிக்ஸ் பிறக்குமுன்பே மின்கிற்றாரை மேடையேற்றியவர். அவருடைய பெயர் முதலிரண்டு பட்டியல்களில் நூற்றுக்குள்ளும் இல்லை. 2023இல் திடீரென ஆறாம் இடம். இறந்தோர் புதிதாக எதையும் வாசிக்கவில்லை. இலக்கமிடுவோரின் காதுகளே மாறியிருக்கின்றன.

ஹென்ரிக்ஸின் உச்சம் 1968இல் வந்த எலெக்றிக் லேடிலன்ட் என்னும் இரட்டைத்தட்டு. பொப் டிலனின் பாட்டொன்றை அதிலே அவர் எடுத்தாண்ட முறையைக் கண்டு, பாட்டுக்கு உடையவரே பின்னாளில் அம்முறையைத் தழுவிப் பாடலானார். அக்காலத்திலே இலண்டன் புறூக் வீதி 23ஆம் இலக்க வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தார். அடுத்த வீட்டில் 1723 முதல் 1759 வரை வாழ்ந்தவர் ஹான்டெல் என்னும் மேதை. இதை அறிந்த ஹென்ரிக்ஸ் கடைக்குச் சென்று ஹான்டெலின் இசைத்தட்டுக்களை வாங்கி வந்து கேட்டார். காட்டுமிராண்டி என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டிய மனிதரின் செயல் இது. இன்று அவ்விரு வீடுகளும் சேர்ந்து ஒரே அரும்பொருளகமாக விளங்குகின்றன.

1969 ஓகஸ்ட் 18ஆம் நாள் வூட்ஸ்ரொக் விழாவின் இறுதியிலே அவர் மேடையேறினார். மழையாலும் தாமதத்தாலும் ஞாயிறு இரவு நிகழவேண்டியது திங்கள் காலைக்குத் தள்ளிப்போயிற்று; கூட்டத்தின் பெரும்பகுதியினர் வீடு திரும்பிவிட்டனர். பழைய படைத்தோழர் பில்லி கொக்ஸ் அருகே நிற்க, அமெரிக்காவின் தேசிய கீதத்தைத் தனிக் கிற்றாரிலே வாசித்தார். குண்டு விழும் ஓசையும் அவலக்குரலும் அக்கீதத்தினூடே எழுந்தன. அவர் முன்பு சேவை செய்த 101ஆவது படைப்பிரிவு அப்போது வியட்நாமிலே போரிட்டுக்கொண்டிருந்தது. இகழ்ச்சி என்றனர் சிலர். துதி என்றனர் சிலர். எனக்கு அது ஒரு படைவீரன் தன் தோழருக்காக அழுத அழுகையாகவே கேட்கிறது.

அதன்பின் அவர் புதுவழி தேடினார். பழைய வித்தைகளைக் காட்டுமாறு கூவிய கூட்டம் அவருக்குச் சலித்துவிட்டது. 1970 ஓகஸ்ட் 26ஆம் நாள் நியூயோர்க்கிலே தமக்கென்று கட்டிய எலெக்றிக் லேடி ஒலிப்பதிவுக்கூடத்தைத் திறந்துவைத்தார். பிறர் கூடத்தில் மணிக்கணக்கிற்குப் பணம் கட்டாமல், மனம்போல இருந்து இசையமைக்கலாம் என்பது அவர் எண்ணம். உடனே ஐரோப்பியச் சுற்றுலாவுக்குப் புறப்பட நேர்ந்தது. செப்டெம்பர் 6ஆம் நாள் ஜேர்மனியின் ஃபேமார்ன் தீவிலே, முதல்நாள் நடக்கவேண்டிய நிகழ்ச்சி பிந்தியதால் சினந்த மக்கள், மேடையேறிய அவரைத் திரும்பிப் போகுமாறு கூச்சலிட்டனர். 1967இல் மெலடி மேக்கர் இதழின் வாசகர் வாக்கெடுப்பிலே ஆண்டின் சிறந்த பொப் கலைஞராகத் தெரிவு செய்யப்பட்டவர் அவர்.

செப்டெம்பர் 18ஆம் நாள் இலண்டனில், அளவுக்கு மிஞ்சிய தூக்கமாத்திரையால் மயங்கி, வாந்தி மூச்சை அடைக்க இறந்தார். வயது இருபத்தேழு. மரண விசாரணை முடிவான காரணம் கூறாது திறந்த தீர்ப்பு அளித்தது. அவர் முதன்முதல் இலண்டனில் இறங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால், நான்கு ஆண்டு நிறைய ஆறு நாட்கள் குறைவு.

உயிரோடிருக்கையில் அவர் நிறைவு செய்து வெளியிட்ட கூடப்பதிவு நெடுந்தட்டுக்கள் மூன்றே. இறந்தபின் வந்தவையோ பலப்பல. 1975இல் வந்த ஒன்றிலே, உடன் வாசித்தோரின் ஒலியை நீக்கி, அவர் கண்டேயிராத கூலிக் கலைஞரின் வாசிப்பைப் புகுத்தினார்கள். அதனை நான் என் பேழையில் வைத்திருப்பதில்லை.

சியற்றிலுக்கு அண்மையிலுள்ள றென்ரன் நகர மயானத்திலே அவரை அடக்கம் செய்தனர். கல்லறைக் கல்லிலே ஒரு ஸ்ட்ராற்றோகாஸ்ரர் கிற்றாரைச் செதுக்கியிருக்கிறார்கள். அது வலக்கைக்காரர் வாசிக்கும் முறையில் அமைந்திருக்கிறது.