இப்னு பதூதாவின் விலைப் பட்டியல்

ஒரு நாட்டின் வளத்தை எதைக் கொண்டு அளப்பது என்பது பொருளியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் வங்கத்துக்கு வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, அதைக் கடைவீதி விலைகளைக் கொண்டு அளந்தார்.

1304-இல் டாஞ்சியர் நகரில், மார்க்கச் சட்டம் கற்ற குடும்பத்தில் பிறந்தவர் அவர். 21-ஆவது வயதில் மெக்காவுக்குப் புறப்பட்டவர், கால் நூற்றாண்டு கழித்தே தாயகம் திரும்பினார். எகிப்து, பாரசீகம், மத்திய ஆசியா வழியாகத் தில்லி வந்தபோது, சுல்தான் முகமது பின் துக்ளக் அவரை ஆண்டுக்கு 12,000 தினார் ஊதியத்தில் காஜியாக அமர்த்தினார். பின்னர் சீனத்துக்குத் தூதராக அனுப்பினார். கோழிக்கோட்டில் புயல் கப்பலைச் சிதைத்தது. தில்லிக்குத் திரும்ப அஞ்சிய அவர் மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றினார். இலங்கைக்கும் மதுரை சுல்தானின் அவைக்கும் சென்றார். இறுதியில் மாலத்தீவிலிருந்து 43 நாள் கடற்பயணம் செய்து, 1346 வாக்கில் வங்கத்தை அடைந்தார்.

உலகில் வேறெங்கும் இத்தகைய மலிவைக் கண்டதில்லை என்று அவர் வியந்தார். ஒரு வெள்ளி தினாருக்கு 25 தில்லி ராத்தல் அரிசி கிடைத்தது. ஒரு தில்லி ராத்தல் மொராக்கோவின் 20 ராத்தலுக்குச் சமம். கறவை மாடு 3 தினார். ஒரு திர்ஹத்துக்கு 8 கொழுத்த கோழிகள். 30 முழம் மெல்லிய பருத்தித் துணி 2 தினார். அந்த ஆண்டு விலைவாசி அதிகம் என்று ஊரார் குறைபட்டுக் கொண்டதுதான் வேடிக்கை. முன்பு அங்கு வாழ்ந்த மொராக்கோ முதியவர் ஒருவர், தாமும் மனைவியும் பணியாளும் உண்ண ஓராண்டுக்கு 8 திர்ஹம் போதுமானதாக இருந்தது என்று அவரிடம் கூறியிருந்தார்.

இந்த மலிவுக்கு அடிப்படை நெல் விளைச்சல். அரிசி மாலத்தீவுக்குச் சென்றது. அங்கிருந்து சோழிகள் வந்து வங்கத்தின் சில்லறைக் காசாகப் புழங்கின. சில்ஹெட் பகுதியில் இறைநேசர் ஷா ஜலாலைச் சந்தித்தபின், இப்னு பதூதா படகில் 15 நாள் பயணம் செய்து சோனார்காவ் சென்றார். இரு கரைகளிலும் தோப்புகளும் ஊர்களும் இடைவிடாது தொடர, சந்தைக்கு நடுவே செல்வதுபோல் அவருக்குத் தோன்றியது.

ஆனால், அவரது குறிப்புகளிலேயே இந்த வளத்தின் மறுபக்கமும் இருக்கிறது. அந்த நதிக்கரையில் வாழ்ந்த இந்துக் குடிகளிடம் விளைச்சலில் பாதியை அரசு பெற்றது. வேறு வரிகளும் உண்டு. அரிசிக்கும் கோழிக்கும் விலை சொல்லும் அதே பட்டியலில் மனிதர்களுக்கும் விலை இருக்கிறது. ஆஷூரா என்னும் அடிமைப் பெண்ணை அவர் ஒரு பொன் தினாருக்கு ஏறத்தாழ அதே விலையில் வாங்கினார். அது அக்காலத்து வழக்கம் என்பதால் அவருக்கு உறுத்தவில்லை. அவள் யார், எந்த ஊரினள் என்பதை அவர் எழுதவில்லை.

அவர் கணக்கின்படி 8 திர்ஹம் ஒரு வெள்ளி தினார். அதாவது, மூவர் கொண்ட வீட்டின் ஓராண்டு உணவுச் செலவு ஒரே தினார். தில்லியில் 12,000 தினார் ஊதியம் பெற்றவருக்கு வங்கம் சொர்க்கமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. விளைச்சலில் பாதியை இழந்து, எஞ்சியதைக் குறைந்த விலைக்கு விற்ற உழவனின் கணக்கு வேறாகவே இருந்திருக்கும். விலை மலிவு வாங்குபவரின் மகிழ்ச்சியைச் சொல்லும். விளைவித்தவரின் வாழ்வைச் சொல்லாது.

வங்கத்திலிருந்து சுமத்ரா வழியே சீனம் சென்ற அவர், 1349-இல் தாயகம் திரும்பினார். பின்னர் கிரனடாவையும் மாலி நாட்டையும் கண்டார். அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதிய பயண நூல் 1355-இல் நிறைவுற்றது. சுமார் 13 ஆண்டுகளுக்குப் பின் அவர் மறைந்தார்.

கண்டவற்றை மறைக்காமல் பதிவு செய்ததே அவர் நமக்கு விட்டுச்சென்ற கொடை. இன்றும் உணவுப் பொருள் விலை குறைந்தால் வாங்குவோராகிய நாம் மகிழ்கிறோம். அந்த மலிவுக்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் வளத்தின் கணக்கு முழுமை பெறும்.