உரக் கரைசலுக்கு முன் உரக்குழி: ஆல்பர்ட் ஹோவர்டு வாழ்க்கை தரும் பாடம்

விவசாயிகளே, கம்போஸ்ட் டீ எனப்படும் மக்கிய உரக் கரைசல் பற்றி விசாரிக்கும் பலரும் முதலில் கேட்பது, வெல்லம் எவ்வளவு சேர்க்க வேண்டும், எத்தனை மணி நேரம் காற்று செலுத்த வேண்டும் என்பதைத்தான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, டிரம்மில் போடப்போகும் உரம் எப்படிப்பட்டது என்பது. சர் ஆல்பர்ட் ஹோவர்டின் வாழ்க்கை இதைத் தெளிவாக விளக்கும்.

ஹோவர்டு 1873-ல் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பூஞ்சை ஆய்வாளராக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனபோது ஒரு குறையை உணர்ந்தார். பயிர் நோய்க்கு ஆலோசனை சொல்லும் தமக்கு, அதைச் சோதித்துப் பார்க்கச் சொந்த வயல் இல்லை.

1905-ல் பீகாரின் பூசா ஆய்வு நிலையத்தில் சேர்ந்ததும் சுமார் 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. சுற்றுவட்டார விவசாயிகள் பூச்சிமருந்து இல்லாமலே நல்ல பயிர் எடுப்பதைக் கண்டு, அவர்களையே ஆசிரியர்களாகக் கொண்டார். தாவர உடலியல் அறிஞரான மனைவி கேப்ரியல் அவருடன் இணைந்து ஆய்வு செய்தார்.

1924 முதல் இந்தூரில் பணி. சாணம் வரட்டியாக எரிந்துபோக, பருத்தி மாரும் களையும் வீணாகின. இவற்றை உரமாக்க அவர் வகுத்ததே இந்தூர் முறை. பயிர்க்கழிவு, சாணம், கோமியம் ஊறிய தொழுவ மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட வேண்டும். சாணம், கோமிய மண், சாம்பலுடன் 10 முதல் 15 நாளான குவியலின் உரத்தையும் நீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். அந்தக் கரைசல்தான் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் புதுக் குவியலுக்குக் கொண்டுசேர்க்கும் உறைமோர். இது இன்றைய கம்போஸ்ட் டீ அல்ல. ஆனால் நுண்ணுயிரை நீரில் எடுத்துச் செல்லும் கருத்து ஒன்றே. ஈரம் காத்து, மூன்று முறை கிளறிக் காற்று கொடுத்தால் சுமார் 3 மாதத்தில் உரம் தயார்.

1930-ல் கேப்ரியல் மறைந்தார். அடுத்த ஆண்டு ஹோவர்டு தாயகம் திரும்பினார். பின்னர் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப் பார்வையிட்டு, வேர்ப்பூஞ்சைக்கும் மக்கிய உரத்துக்கும் உள்ள தொடர்பை வலியுறுத்தினார். 1947-ல் காலமானார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: உரத்தில் இல்லாத நல்ல நுண்ணுயிரை டிரம்மில் உருவாக்க முடியாது. முதலில் உரக்குழியைக் கவனியுங்கள். நன்கு மக்கி, சூடு தணிந்து, மண் வாசனை வீசும் உரம் மட்டுமே கரைசலுக்கு ஏற்றது. 1 கிலோ உரத்துக்கு 10 லிட்டர் குளோரின் கலக்காத நீர் எடுத்து, 24 மணி நேரம் இடைவிடாமல் காற்று செலுத்தி, வடிகட்டி, அன்றே வேரில் ஊற்றுங்கள். வெல்லத்தைத் தவிர்ப்பது பாதுகாப்பானது. சாண உரத்தில் கெட்ட கிருமி மிஞ்சியிருந்தால் அதுவும் பெருகிவிடும். பச்சையாக உண்ணும் காய், கீரை மீது தெளிக்காதீர்கள். கரைசல் நாறினால் பயிருக்கு வேண்டாம், உரக்குழியிலேயே ஊற்றிவிடுங்கள்.