முன்னும் பின்னும் நோக்கியவர்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சவுத்சீ நகரத் துணிக்கடை ஒன்றில், 1881ஆம் ஆண்டு, பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தொழில் பழகச் சேர்க்கப்பட்டான். நாள்தோறும் ஏறத்தாழப் பதின்மூன்று மணி நேர வேலை. இரவில் மற்றப் பணியாளர்களோடு ஒரே கூடத்தில் உறக்கம். இரண்டாண்டுகள் பொறுத்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுந்தொலைவு நடந்தே தன் தாயிடம் சென்று, இனி அக்கடைக்குத் திரும்புவதில்லை என்று உறுதியாகக் கூறிவிட்டான். பிற்காலத்தில் அறிவியல் புனைகதையின் முன்னோடியாகவும் உலக வரலாற்றாசிரியராகவும் புகழ்பெற்ற எச்.ஜி. வெல்ஸ்தான் அச்சிறுவன்.

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866 செப்டம்பர் 21 அன்று கென்ட் பகுதியைச் சேர்ந்த பிராம்லியில் பிறந்தார். தந்தை ஜோசப் சிறிய பீங்கான் கடை நடத்தியவர். கிரிக்கெட் ஆட்டக்காரரும் ஆவார். 1862இல் அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நால்வரை வீழ்த்தியவர் என்னும் சிறப்பு அவருக்கு உண்டு. ஆனால், கடையில் வருவாய் இல்லை. தாய் சாரா, பின்னர் அப்பார்க் என்னும் செல்வர் மாளிகையில் பணியாளர் தலைவியாக அமர்ந்து குடும்பத்தைத் தாங்கினார். ஏழு வயதில் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது தந்தை கொண்டுவந்து கொடுத்த நூல்களும், பின்னர் அப்பார்க் மாளிகையின் நூலகமும் வெல்ஸின் முதல் பள்ளிகளாயின.

துணிக்கடையை விட்ட அவர், மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்தார். 1884இல் உதவித்தொகை பெற்று இலண்டன் அறிவியல் கல்லூரியை அடைந்தார். அங்கு முதலாண்டில் அவருக்கு உயிரியல் கற்பித்தவர் தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினின் கொள்கைக்காக வாதாடிய பேராசான் அவர். மனிதன் படைப்பின் முடிவன்று, நெடிய மாற்றத்தின் ஒரு கட்டம் என்னும் எண்ணம் வெல்ஸின் உள்ளத்தில் ஊன்றியது அப்போதுதான். அவருடைய கதைகளும் வரலாறும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

நிலவியல் தேர்வில் தோற்றுப் பட்டமின்றி வெளியேறிய அவர், 1890இல் தனித்தேர்வராக எழுதிப் பட்டம் பெற்றார். உடல்நலக் குறைவால் ஆசிரியப் பணி கைநழுவவே எழுத்தே பிழைப்பாயிற்று.

1895இல் வெளிவந்த கால இயந்திரம் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. எட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் செல்லும் பயணி, மனிதகுலம் இரண்டு இனங்களாகப் பிரிந்திருப்பதைக் காண்கிறான். மண்ணின்மேல் உழைப்பறியா மென்மையோர். மண்ணுக்கடியில் இருளில் இயந்திரங்களை இயக்குவோர். செல்வமும் வறுமையும் நெடுங்காலம் விலகியே நின்றால் என்ன விளையும் என்னும் வினாவே அக்கதை. பிராம்லி வீட்டின் நிலத்தடிச் சமையலறையில் வளர்ந்தவர் இதனை எழுதியது தற்செயல் என்று தோன்றவில்லை. 1898இல் வெளியான உலகங்களின் போர், செவ்வாய்க் கோளினர் இங்கிலாந்தைத் தாக்குவதைக் கூறுகிறது. கதையின் தொடக்கத்திலேயே, ஐரோப்பியக் குடியேறிகள் டாஸ்மேனியத் தொல்குடிகளை அழித்ததை அவர் நினைவூட்டுகிறார். பேரரசின் குடிமக்களைத் தாக்கப்படுவோரின் இடத்தில் நிறுத்திக் காட்டிய துணிவு அது.

1914இல் உலகப்போர் மூண்டபோது, எல்லாப் போர்களுக்கும் இதுவே முடிவாகும் என நம்பி எழுதினார். அந்நம்பிக்கை பொய்த்தது. போரின் இறுதியில் நாடுகளின் கூட்டமைப்புக்கான குழுக்களில் பணியாற்றியபோது ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. ஒவ்வொருவரும் தத்தம் நாட்டின் வெற்றிகளை மட்டுமே வரலாறாகப் பயின்றிருந்தனர். பொதுவான கடந்தகாலத்தை அறியாதவர்கள் பொதுவான எதிர்காலத்தை எவ்வாறு அமைப்பர்? அதனை எழுதத் தகுதியுடைய வரலாற்றறிஞர்கள் முன்வராத நிலையில், புனைகதையாளராகிய தாமே எழுதத் துணிந்தார்.

வரலாற்றின் உருவரை என்னும் அந்நூல் 1919 நவம்பர் முதல் இருவாரத்திற்கொரு பகுதியாக, 24 பகுதிகளில் வெளிவந்தது. கில்பர்ட் மர்ரே முதலிய அறிஞர்கள் பிழை நோக்கினர். ஹாரபின் வரைபடங்களும் ஓவியங்களும் வரைந்தார். மன்னர்களின் பட்டியலோடு தொடங்காமல், புவியின் தோற்றத்தோடும் உயிர்களின் மலர்ச்சியோடும் நூல் தொடங்குகிறது. சீனமும் இந்தியாவும் அரேபியாவும் அதில் உரிய இடம் பெற்றன. நெப்போலியனைச் சிறுமைப்படுத்தும் வெல்ஸ், போரைத் துறந்த அசோகரை எண்ணற்ற மன்னர்களுக்கு மேலாக உயர்த்துகிறார். நூல் இருபது இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு நேரு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களுக்கு இந்நூல் துணைநின்றது. அதனை நேருவே குறிப்பிட்டுள்ளார்.

எதிர்ப்பும் எழுந்தது. முறையான வரலாற்றுப் பயிற்சி இல்லாதவர் என்று துறைவல்லுநர் சிலர் எள்ளினர். சமயத்தைக் குறைத்து மதித்தார் என ஹிலேர் பெல்லாக் கடுமையாகத் தாக்க, வெல்ஸ் 1926இல் ஒரு தனிநூலால் விடையளித்தார். கனடாவின் ஃபுளோரன்ஸ் டீக்ஸ், தம் கையெழுத்துப்படியிலிருந்து எடுத்தாண்டதாகத் தொடுத்த வழக்கு, 1932இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று தள்ளுபடியானது. நூலில் விரைந்து எழுதியதன் குறைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கடைப்பணியாளரும் தொழிலாளரும் உலக வரலாற்றை ஒரே கதையாகப் படிக்க வழிசெய்தது அதுவே.

1914இல் அவர் எழுதிய மற்றொரு புதினத்தில், அணுகுண்டு என்னும் பெயரும் அதனால் நகரங்கள் அழிவதும் இடம்பெற்றன. அதனை 1932இல் படித்த இயற்பியலாளர் லியோ சிலார்டு, மறு ஆண்டே அணுக்கருத் தொடர்வினை பற்றிய கருத்தை உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு நடுவேயும் இலண்டனை விட்டு அகலாத வெல்ஸ், 1940இல் மனித உரிமைகள் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். 1943இல், எழுபத்தாறாம் வயதில், அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஹிரோஷிமா அழிந்த செய்தி 1945 ஆகஸ்டில் நோயுற்றிருந்த அவரை எட்டியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 13 அன்று தம் இலண்டன் இல்லத்தில் அவர் காலமானார். அவருடைய சாம்பல் கடலில் தூவப்பட்டது.