அண்ணல் அம்பேத்கரும் ஆடையின் மாண்பும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. எல்லாரும் எளிதாகச் சொல்லி வரும் மொழி இது. ஆயினும், அந்தப் பாதியை விரும்பியவாறு உடுத்திக்கொள்ளும் உரிமை நம் முன்னோர்க்கு இருந்ததா என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கலாகாது. தோளில் துண்டு கிடத்தலாகாது. ஊர்த் தெருவில் நடக்குங்கால் செருப்பைக் கழற்றிக் கையில் ஏந்த வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடுகள் தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் நிலவின. திருவிதாங்கூர்ச் சீமையில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நெடுநாள் போராடி, 1859ஆம் ஆண்டில்தான் அதற்கான அரசாணையைக் கண்டனர். ஆடை வெறும் அழகுப் பொருளாக இருந்திருப்பின் அதற்கு இத்தனை தடைகள் எழுந்திரா.

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மங்கலம்பேட்டையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் நம் இளைஞர்கள் அன்றாட வாழ்விலும் நன்னாள்களிலும் எவ்வாறு உடுத்த வேண்டும் என்பது பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். வெறும் அறிவுரையாகக் கூறின் அது கசக்கும். ஆதலால், நன்கு உடுத்துவதைத் தன்மதிப்பின் ஒரு கூறாகக் கொண்டு வாழ்ந்து காட்டிய டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் நின்று காண்போம்.

இளமைப் பருவம்

அண்ணல் அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் என்னும் படைவீட்டு ஊரில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகப் பணியாற்றியவர். தாயார் பீமாபாய் மகன் சிறுவனாக இருந்தபோதே மறைந்துவிட்டார். சதாராவில் பள்ளிக்குச் சென்ற சிறுவன், மற்ற மாணவரோடு ஒன்றாக அமர இயலவில்லை. தனியே ஒரு மூலையில் அமர்வதற்குக் கோணித்துண்டு ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு செல்வான். மாலையில் அதனைத் திரும்ப எடுத்து வருவான். பள்ளியைத் தூய்மை செய்யும் ஊழியரும் அத்துணியைத் தொடமாட்டார். ஒருவன் உடலில் பட்ட துணிக்கும் தீட்டு உண்டு என்ற கொடுமையை அப்பிஞ்சு உள்ளம் அன்றே அறிந்தது.

1901ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைப் பிற்காலத்தில் அவரே விரிவாக எழுதி வைத்துள்ளார். தந்தையார் கோரேகானில் காசாளராகப் பணிபுரிந்து வந்தார். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கு வரும்படி அழைத்திருந்தார். இருப்பூர்தியில் செல்வதே பெரும் மகிழ்ச்சி. ஆங்கில நாட்டுத் துணியில் தைத்த சட்டை, மின்னும் அணிமணி பதித்த குல்லாய், புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி எனப் பயணத்திற்கென்றே புத்தாடைகள் ஏற்பாடாயின. அண்ணலும், அவர்தம் தமையனாரும், தமக்கையின் மக்களும் மசூர் நிலையத்தில் இறங்கினர். வரும் செய்தி தந்தையாரை எட்டாததால் அழைத்துச் செல்ல ஒருவரும் வரவில்லை. பிள்ளைகளின் உடையையும் பேச்சையும் கண்ட நிலைய அதிகாரி, இவர்கள் பார்ப்பனப் பிள்ளைகள் என்றே முடிவு செய்து அன்போடு வினவினார். மகார் குலத்தினர் என்று சிறுவன் கள்ளமின்றிச் சொன்னான். அந்த நொடியே அதிகாரியின் முகம் மாறிற்று. அவர் விலகிச் சென்றுவிட்டார்.

வண்டிக்காரர் எவரும் அவர்களை ஏற்றிச் செல்ல இசையவில்லை. இறுதியில் இரட்டைக் கூலி பேசி, பிள்ளைகளே வண்டியை ஓட்டுவதென்றும், வண்டிக்காரர் நடந்தே வருவதென்றும் முடிவாயிற்று. கையில் உணவு இருந்தும் குடிக்கத் தண்ணீர் தருவார் இல்லாமையால் இரவெல்லாம் பட்டினி கிடந்தனர். உடல்மேல் இருந்த பட்டுக்கரை வேட்டி ஒரு குவளை நீரைப் பெற்றுத் தரவில்லை.

இளைஞர்களே! இந்நிகழ்ச்சியை நாம் இரு வகையாகவும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதிகாரியின் கண் சாதியைக் காணவில்லை. நல்லுடையில் நின்ற நல்ல பிள்ளைகளையே கண்டது. அப்படியானால், பிறப்பிலேயே முகத்தில் எழுதப்பட்ட தாழ்வு என ஒன்று இல்லை என்பது தெளிவாகின்றது. மற்றொன்று, சாதியின் பெயர் காதில் விழுந்தவுடன் உடை தந்த மதிப்பெல்லாம் பறந்துவிட்டது. ஆகவே உடை மட்டும் நம்மை விடுவிக்காது என்பதும் தெளிவாகின்றது. அண்ணலின் பின்னாளைய வாழ்வு முழுவதிலும் இவ்விரு உண்மைகளும் இணைந்தே நடந்தன.

கற்றவர்க்கும் நேர்ந்த இழிவு

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற அண்ணல், பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1915இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் இலண்டன் சென்றார். அயல்நாட்டில் அவர் கைப்பொருளில் பெரும்பகுதி நூல்களுக்கே சென்றது. வயிற்றைக் கட்டி நூல் வாங்கியவர் அவர். மேலுடையின் பகட்டுக்காக அறிவை அடகு வைத்தவர் அல்லர்.

உதவித்தொகைக் காலம் முடிந்து 1917இல் தாயகம் திரும்பியவர், உறுதிமொழிப்படி பரோடாவில் பணியேற்றார். அந்நகரில் தங்க இடம் தருவார் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலை, உணவு முடித்து அலுவலகத்திற்கு உடுத்திக்கொண்டு, நூலகத்தில் திருப்பித் தரவேண்டிய நூல்களைக் கையில் எடுத்த வேளையில், தடிகள் ஏந்திய பார்சிகள் கூட்டமாக வந்து சூழ்ந்து, மாலைக்குள் வெளியேற வேண்டும் என அச்சுறுத்தினர். கொலம்பியாவின் பட்டமும், நன்கு உடுத்திய உடையும், கையிலிருந்த நூல்களும் அன்று அவரைக் காக்கவில்லை. ஊரில் வேறெங்கும் இடம் கிட்டாமையால் பொதுப் பூங்காவில் பொழுதைக் கழித்துப் பம்பாய்க்கு வண்டி ஏறினார்.

வேறொருவராயின் மனம் ஒடிந்து, இனி எதற்கு நல்லுடை, எதற்குப் படிப்பு என்று சோர்ந்திருப்பர். அண்ணலோ சிடன்காம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, உயர் பட்டங்களும் வழக்கறிஞர் தகுதியும் பெற்று 1923இல் திரும்பினார். அதன்பின் வழக்கு மன்றத்திலும் சட்ட மன்றத்திலும் செவ்வையாகத் தைத்த கோட்டும் கால்சட்டையும் கழுத்துப்பட்டையும் அவருடைய அடையாளமாயின.

மகாடு மாநாட்டில் தாய்மார்க்கு

1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மகாடு நகரின் சவுதார்க் குளத்து நீரை அண்ணலும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் பருகிய வரலாறு நாம் அறிந்ததே. அவ்வாண்டு திசம்பரில் அதே ஊரில் கூடிய மாநாட்டில், பெண்களைத் தனியே நோக்கி அவர் ஆற்றிய உரை நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது.

அந்நாளில் அம்மக்கட் பெண்டிர் சேலையை முழங்கால் அளவில் ஒரு தனி முறையில் கட்டினர். மணிக்கட்டு முதல் முழங்கை வரை வெள்ளியிலும் ஈயத்திலும் காப்புகளை அடுக்கினர். கழுத்தில் பல மாலைகளைச் சுமந்தனர். இவையனைத்தும் தீண்டாமைக்கு மாட்டிய அடையாளச் சின்னங்கள். இவற்றைத் துடைத்தெறியுங்கள் என்று அண்ணல் அறிவுறுத்தினார். பிற பெண்கள் உடுத்துவது போலச் சேலை உடுத்துவதற்குச் செலவு ஒன்றும் கூடுதலாக ஆவதில்லை என எடுத்துக் காட்டினார். அணிந்தால் நல்ல அணி ஒன்றே போதும். இயலாவிட்டால் அணியாமலே இருப்பது மேல் என்றார். உடலும் வீடும் தூய்மையாக இருத்தல் வேண்டும், செத்த விலங்கின் இறைச்சி வீட்டுக்குள் வரலாகாது, பெண் மக்களையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பவற்றையும் அதே உரையில் இணைத்தே கூறினார். கேட்ட பெண்கள் ஊர் திரும்பும் வரைகூடக் காத்திருக்கவில்லை. மகாடிலேயே சேலைக் கட்டை மாற்றிக்கொண்டனர்.

அண்ணல் அங்கு விலையுயர்ந்த ஆடை வாங்குமாறு சொல்லவில்லை என்பதை நம் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இருக்கின்ற சேலையையே மதிப்போடு உடுத்தும் முறையைத்தான் சொன்னார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1942 சூலை 20ஆம் நாள் நாகபுரியில் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்ட மாநாட்டில், அவர்கள் அடைந்திருந்த முன்னேற்றத்தைக் கண்டு அவர் உவகை கொண்டார்.

இலண்டனும் இராமநாதபுரமும்

1930 நவம்பர் 12ஆம் நாள் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு தொடங்கிற்று. தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் அங்கு அமர்ந்தவர் இருவர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர்; மற்றவர் செங்கற்பட்டுச் சீமையில் பிறந்த நம் தமிழர் இரட்டைமலை சீனிவாசனார். மன்னர் முன்னும் அமைச்சர் முன்னும் சமமாக அமர்ந்து, நம் மக்களின் நிலையை அவர்கள் எடுத்துரைத்தனர்.

அம்மாநாடு நடந்துகொண்டிருந்த அதே திசம்பர் மாதத்தில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதி திராவிடர்க்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி உடுத்தலாகாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது. தலைமுடியைக் கத்தரித்து ஒழுங்கு செய்யலாகாது. மட்கலம் அன்றி வேறு கலம் வீட்டில் ஆகாது. பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மேனியை மறைக்கலாகாது. பூவும் மஞ்சளும் சூடலாகாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. தானியமும் கால்நடையும் கொள்ளை போயின. 1931இல் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன. அக்காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தலைவர் அட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

எட்டுத் தடைகளில் பெரும்பாலானவை உடையும் ஒப்பனையும் பற்றியவை என்பதை நோக்குங்கள். இலண்டனில் அண்ணல் அணிந்திருந்த கோட்டு, ஈண்டு தடை செய்யப்பட்ட அதே கோட்டுத்தான். அதனால்தான் அது தனி ஒருவரின் விருப்பமாக நில்லாமல், ஓர் இனத்தின் மறுமொழியாயிற்று.

காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் தம் மேலாடைகளைத் துறந்து அரையாடை பூண்டார். ஏழை எளியோரோடு ஒன்றிய அந்தத் துறவு போற்றத்தக்கதே. நம் மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1916ஆம் ஆண்டு நந்தனார் பள்ளியைத் தோற்றுவித்த சுவாமி சகசானந்தர் காவி உடுத்தினார். ஆனால் துறப்பதற்கு முதலில் உடைமை வேண்டும். அரையாடையே விதி என வகுக்கப்பட்ட மக்களின் தலைவர், முழுமையாக உடுத்தி நிற்பதைத்தான் போராட்டமாகக் கொள்ள இயலும்.

வெண்ணிற ஆடை

கோட்டும் கால்சட்டையும் மட்டுமே அண்ணல் அறிந்த உடை என எண்ண வேண்டா. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் அவர் பௌத்த நெறி தழுவியபோது, வெண்பட்டு வேட்டியும் வெண்ணிறக் கோட்டும் அணிந்திருந்தார். திரண்ட மக்களும் வெள்ளாடையே உடுத்தி வந்தனர். இடத்திற்கும் செயலுக்கும் ஏற்ப உடுத்துவதே நல்லுடை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை. அவ்வாண்டு திசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.

இன்று ஊர்தோறும் நிற்கும் அவர் சிலைகள் பெரும்பாலும் நீல நிறக் கோட்டு அணிந்து, கையில் நூல் ஏந்தியே நிற்கின்றன. தமிழகத்தில் சில இடங்களில் அச்சிலைகளை இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காக்க வேண்டிய நிலை உள்ளது. கோட்டு அணிந்த அந்த உருவம் சிலர் கண்ணை இன்னமும் உறுத்துகின்றது என்பதற்கு அக்கூண்டே சான்று.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

இவ்வாழ்க்கையிலிருந்து நம் இளைஞர்கள் கற்க வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன்.

அன்றாட உடைக்குத் தூய்மையே முதல் அழகு. இரண்டே சட்டைகள் இருப்பினும் ஒன்றைத் துவைத்து உலர்த்தி மற்றதை அணியலாம். அறுந்த பொத்தானை அன்றே தைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஊசியும் நூலும் போதும். பள்ளிச் சீருடையை ஏழைக்கு அரசு தரும் துணி என்று எண்ணாதீர்கள். செல்வர் மகனையும் கூலியாள் மகளையும் ஒரே வரிசையில் நிறுத்தும் உடை அது.

நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர் முதல் நாள் மாலையே உடையைத் தேய்த்து மடித்து வைத்துவிட வேண்டும். வெளிர் நிற முழுக்கைச் சட்டையும் அடர்நிறக் கால்சட்டையும் எவ்விடத்திற்கும் பொருந்தும். சட்டையின் தோள் தையல் தோளின் முனையில் அமைய வேண்டும். தொங்கவும் கூடாது, இறுகவும் கூடாது. செருப்பையோ காலணியையோ துடைத்து அணியுங்கள். பெண்மக்கள் சேலையோ சுரிதாரோ, தமக்கு இயல்பாகப் பழகிய உடையையே தேர்க. அமர்ந்து எழும்போது உடையைப் பற்றிய கவலை இருந்தால் கேட்ட வினாவில் மனம் செல்லாது.

திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் நிறைவாக உடுத்துங்கள்; ஆனால் வட்டிக்கு வாங்கி உடுத்தாதீர்கள். ஒரு நாள் பட்டுக்காக ஓராண்டு உழைப்பை அடகு வைப்பது அண்ணலின் வழி அன்று. துக்க வீட்டிற்குப் பகட்டின்றிச் செல்லுங்கள். எந்த நாளிலும் உடைக்கு ஒரு பங்கு செலவழித்தால் நூலுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

இறுதியாக ஒன்று. புத்தாடை அணிந்தான், செருப்பணிந்து நடந்தான் என்று நம் பிள்ளைகளைத் தாக்குவோர் இன்றும் நாட்டில் உளர். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, பொது இடத்தில் காலணியோ புத்தாடையோ அணிவதைத் தடுப்பதும் குற்றம் எனத் தெளிவாகச் சேர்க்கப்பட்டது. சட்டப் புத்தகத்தில் புத்தாடை என்னும் சொல் இடம்பெற வேண்டியிருந்தது நாட்டிற்கு நாணம். ஆயினும் நமக்கு அது காப்பு. அச்சுறுத்தல் நேரின் கைகலப்பில் இறங்காமல், சான்றுகளுடன் காவல் நிலையத்தை நாடுங்கள். கழகத்தின் மூத்தோரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அண்ணலின் சிலையைக் கடந்து செல்லும்போதெல்லாம் அவர் உடையையும் கையிலுள்ள நூலையும் ஒருசேர நோக்குங்கள். இரண்டில் எதுவும் குறையாதவாறு நம் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குவோமாக.