ரிப்பேர் கடையில் வளர்ந்த லியோ பெண்டர்

குப்பத்தில் கங்கம்மா ஜாத்திரை என்றால் மூன்று மாநில ஜனங்களும் திரளுவார்கள். பாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் மாறி மாறி வரும். அந்த நேரம் பார்த்து பேஸ் கிட்டார் பெட்டி கொர்ரென்று இரைந்து நின்றுபோனால், டார்ச் லைட்டும் திருப்புளியுமாக ஒருவர் மேடைக்கு ஓடி வருவார். கைதட்டல் பாடகருக்குப் போகும். திருப்புளிக்காரரை யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தத் திருப்புளிக்காரர்களில் ஒருவர் உலகப் புகழ் பெற்றார். அவர்தான் லியோ பெண்டர். கிட்டாரின் தலைப்பகுதியில் அவர் பெயரைப் பார்த்தவர்கள் உண்டு. ரேடியோ ரிப்பேர் கடைக்காரராகத் தொழிலைத் தொடங்கியவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

கணக்கர் வேலை போயிற்று

பெண்டர் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள். சிறு வயதிலேயே ஒரு கண் போய்விட்டது. கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டார். உறவினர் ஒருவர் தம் கையாலேயே செய்த ரேடியோவைப் பார்த்த நாள் முதல், பையனுக்கு அதே பைத்தியம்.

ஆனால் அவர் படித்தது கணக்கு. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். பிறகு மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர் ஆனார். 1930-களில் ஏற்பட்ட பொருளாதார மந்தத்தில் அந்த வேலை போயிற்று. அடுத்து ஒரு டயர் கம்பெனி. அங்கும் ஆறே மாதத்தில் சீட்டுக் கிழிந்தது. மனைவி எஸ்தருடன் ஊர்ப்பக்கம் திரும்பி, 600 டாலர் கடன் வாங்கி, 1938-ல் புல்லர்டன் நகரில் ரிப்பேர் கடை திறந்தார். மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்தவருக்கு இது சின்னத் துணிச்சல் அல்ல.

பெட்டிகள் சொன்ன பாடம்

கடைக்கு ரேடியோ மட்டும் வரவில்லை. நடனக் கச்சேரிக்காரர்கள் கிட்டார் ஆம்ப்ளிபயர்களையும் தூக்கி வந்தார்கள். எல்லாம் வால்வுப் பெட்டிகள். வால்வு சூடு பெரிய சூடு. அதில் கண்டென்சர் உலர்ந்துவிட்டால் ஓயாத ரீங்காரம் கேட்கும். வால்வின் கால்களைக் கவ்வும் குழி தளர்ந்தால் படபடவென்று வெடிக்கும். பயணத்தில் குலுங்கி ஈயப்பற்று விட்டுப்போன பெட்டி, தட்டினால் பாடும்; கையை எடுத்தால் நிற்கும். முரட்டு வாசிப்பில் ஸ்பீக்கரின் காகிதமே கிழிந்துபோகும்.

இதில் உயிருக்கே ஆபத்தும் உண்டு. சுவிட்சை அணைத்து ஒயரைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதை முறைப்படி இறக்காமல் உள்ளே கைவைக்கக் கூடாது.

ஒரே பழுது திரும்பத் திரும்ப வருகிறது என்றால் குற்றம் வாசிப்பவரிடம் இல்லை, பெட்டி செய்த விதத்தில் இருக்கிறது. பெண்டர் இதைப் பிடித்துக்கொண்டார். 1945-ல் நண்பர் டாக் காப்மனுடன் சேர்ந்து, தாமே ஆம்ப்ளிபயரும் மின்சார கிட்டாரும் செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டு காப்மன் விலகிக்கொள்ள, பெண்டர் பெயரில் கம்பெனி உருவாயிற்று.

அவருடைய பெட்டிகளில் சில திருகுகளைக் கழற்றினால் உள்பாகம் முழுவதும் கைக்கு வந்துவிடும். எந்தக் குழியில் எந்த வால்வு என்று எழுதிய சீட்டு உள்ளேயே ஒட்டியிருக்கும். ரிப்பேர்காரர் படும் பாடு தெரிந்தவர் செய்த பெட்டி அல்லவா!

பேஸ் கிட்டார்

அந்தக் காலத்துப் பேஸ் வாத்தியம் ஆள் உயரம் இருக்கும். தூக்கிப் போவதும் கஷ்டம், சத்தம் கேட்பதும் கஷ்டம். 1951-ல் பெண்டர் தோளில் மாட்டும் மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இளையராஜாவின் பாடல்களில் தனியாகக் காதில் விழும் பேஸ் ஓசை இந்த வாத்தியத்தின் வாரிசுதான். இதன் தடித்த தந்தி நொடிக்கு 41 தடவை அதிரும். சாதாரண கிட்டார் பெட்டியின் ஸ்பீக்கர் இந்த அடியைத் தாங்காது. எனவே 1952-ல் "பேஸ்மேன்" என்ற தனி ஆம்ப்ளிபயர் வந்தது. பத்து ஆண்டு கழித்து லண்டனில் ஜிம் மார்ஷல் என்ற டிரம் கலைஞர் தம் கடையில் செய்த ஆம்ப்ளிபயருக்கு இந்தப் பேஸ்மேன்தான் மாதிரி. மார்ஷல் பெயரும் பிறகு உலகம் சுற்றியது.

இத்தனைக்கும் பெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. சுருதி கூட்டவும் வராது. இளமையில் சாக்சபோன் ஊதியதோடு சரி. செய்ததை வாசிப்பவர்களிடம் கொடுத்து, குறை கேட்டுத் திருத்துவார். 1954-ல் வந்த "ஸ்ட்ராட்டோகாஸ்டர்" கிட்டாரும் இப்படித்தான் உருவானது.

விற்ற பிறகு குணமானது

1950-களில் அவரை ஒரு கிருமி நோய் பிடித்தது. வருடக்கணக்கில் விடவில்லை. பிழைக்க மாட்டோம் என்றே நினைத்துவிட்டார். 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். கொஞ்ச காலத்தில் வேறொரு டாக்டரின் சிகிச்சையில் நோய் தீர்ந்தது! உடம்பு திரும்பி வந்தது. கம்பெனி திரும்பி வரவில்லை. போட்டியாக 10 ஆண்டு தொழில் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் வேறு. சரக்கின் தரம் இறங்கிவிட்டது என்று வாசிப்பவர்கள் குறை சொன்னதையும் அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

ஏழு தலைமுறைக்குக் காணும் பணம். அதை வைத்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கெடு தீர்ந்ததும் 1975-ல் "மியூசிக் மேன்" கம்பெனியின் தலைவர் ஆனார். 1979-ல் எஸ்தர் காலமானார். எழுபது வயதில், பழைய கூட்டாளி ஜார்ஜ் புல்லர்டனுடன் "ஜி அண்டு எல்" கம்பெனியைத் தொடங்கினார். பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்கியது. அப்படியும் வேலை மேஜைக்குப் போவதை விடவில்லை.

1991 மார்ச் 21-ந் தேதி பெண்டர் இறந்தார். வயது 81. முதல் நாள்கூட தொழிற்கூடத்துக்கு வந்து போயிருந்தார். அவருடைய வேலை அறையைக் கம்பெனியார் கலைக்காமல், இருந்தபடியே பாதுகாத்து வைத்தார்கள்.