தடையை அளந்த அறிஞர்

சத்தியமங்கலத்தை அடுத்த பவானிசாகர் அணையில் பவானியும் மோயாறும் வந்து கலக்கின்றன. மோயாறு நீலகிரியில் பைக்காரா என்னும் பெயருடன் பிறந்து, மலையிறங்கி, பெயர் மாறி வருவதாகும். மலைமீதிருந்து வீழும் அந்நீரின் ஆற்றலைக் கொண்டு 1932ஆம் ஆண்டில் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். அது கம்பி வழியே இறங்கி வந்து கோவையின் ஆலைகளை இயக்கிற்று. கொங்குநாட்டு உழவரின் கிணறுகளில் நீர் இறைத்தது. வாய்க்காலில் ஓடும் நீரை நாம் கண்ணால் காண்கிறோம். மடையை ஏற்றியும் இறக்கியும் அளவு செய்கிறோம். கம்பியினுள் ஓடும் மின்சாரத்தையோ காண இயலாது. காணவியலாத அதனைக் கணக்கிட வழிகாட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவரே ஜார்ஜ் சைமன் ஓம்.

ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் ஜெர்மனியில் எர்லாங்கன் என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் தொழிலாளி. அவர் கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர்; ஆயினும் தம் முயற்சியால் கணிதமும் அறிவியலும் கற்றுத் தேர்ந்து, அவற்றைத் தம் மக்களுக்குத் தாமே கற்பித்தார். ஓம் பத்து வயதுச் சிறுவராய் இருந்தபோதே அன்னையார் இறந்தார்.

1805ஆம் ஆண்டில் ஓம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் மனம் படிப்பில் செல்லவில்லை. நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பந்தாட்டத்திலும் பொழுது கழிந்தது. வயிற்றைக் கட்டி மகனைப் படிக்க வைத்த தந்தையார் வெகுண்டார். ஓம் படிப்பை விட்டு, சுவிட்சர்லாந்து சென்று, பள்ளியொன்றில் கணித ஆசிரியரானார். அங்குத் தம் தவற்றை உணர்ந்தார் போலும். ஓய்ந்த நேரமெல்லாம் தனியே கற்றார். 1811ஆம் ஆண்டில் எர்லாங்கன் பல்கலைக்கழகத்திலேயே டாக்டர் பட்டமும் பெற்றார்.

பட்டம் வந்ததேயன்றிச் செல்வம் வரவில்லை. சிறு ஊதியத்தில் சில ஆண்டுகள் உழைத்த பின், 1817ஆம் ஆண்டில் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியப் பணி கிடைத்தது. அப்பள்ளியில் நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது. பகலில் மாணவருக்குப் பாடம் சொல்லி, எஞ்சிய நேரத்தில் ஓம் ஆய்வில் ஈடுபட்டார். பூட்டுப் பட்டறையில் பழகிய கை, நுண்ணிய கருவிகளைச் செய்ய உதவிற்று.

அக்காலத்து மின்கலங்களில் மின்னோட்டம் ஒரே சீராய் நில்லாது. தொடங்கிய சிறிது நேரத்தில் குன்றிவிடும். நிலையாத ஒன்றைக் கொண்டு எதனை அளப்பது? ஆகவே ஓம் மின்கலத்தை விடுத்து, செம்பும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப மின்னிரட்டையைக் கையாண்டார். அதன் ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருந்தன. வெப்பநிலை வேறுபாடு மாறாதிருந்தமையால் மின்னழுத்தமும் மாறாதிருந்தது. பின்னர் ஒரே பருமனுடைய எட்டுச் செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாய் இணைத்து, காந்த ஊசியின் துணையால் மின்னோட்டத்தை அளந்தார். கம்பி நீள நீள மின்னோட்டம் குறைந்தது. அக்குறைவில் ஓர் ஒழுங்கு இருப்பதை 1826ஆம் ஆண்டில் கண்டார்.

அவ்வொழுங்கே ஓம் விதியாகும். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் மின்னழுத்தத்திற்கு ஏற்ப மிகும், குறையும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே மின்தடை. வாய்க்காலின் சரிவை மின்னழுத்தத்திற்கும், ஓடும் நீரை மின்னோட்டத்திற்கும், நீரை மறிக்கும் கல்லையும் புல்லையும் மின்தடைக்கும் ஒப்பிடலாம்.

இக்கண்டுபிடிப்பை ஓம் 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பாராட்டை எதிர்பார்த்த அவருக்குப் புறக்கணிப்பே கிடைத்தது. இயற்கையைக் கணிதத்தால் அளக்கும் முறையை அந்நாட்டு அறிஞர் பலர் விரும்பவில்லை. மனம் நொந்த ஓம் கொலோன் பணியைத் துறந்தார். பல ஆண்டுகள் சிறு பணிகளில் காலம் கழித்தார். 1833ஆம் ஆண்டில்தான் நூரம்பர்க் தொழிற்கல்லூரியில் நிலையான இடம் கிடைத்தது. இத்தனை துன்பத்திலும் தாம் கண்ட உண்மையை அவர் கைவிடவில்லை.

உண்மை நெடுநாள் மறைந்திருப்பதில்லை. 1841ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகம் தன் உயரிய காப்ளி பதக்கத்தை ஓமுக்கு அளித்தது. அதே ஆண்டில் ஆங்கிலேயரான ஜூல், கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் ஏற்ப அமைவதை வெளியிட்டார். இவ்விரு உண்மைகளும் சேர்ந்து மின்திறனைக் கணக்கிட வழி செய்தன. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். 230 வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரு மின்னடுப்பு 2 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுப்பின், அதன் தடை 115 ஓம். திறன் 460 வாட்.

மலையிலிருந்து மின்சாரத்தை உயர்ந்த அழுத்தத்தில் அனுப்புவதேன் என்பதும் இக்கணக்கால் விளங்கும். 23,000 வாட் திறனை 230 வோல்ட்டில் அனுப்பினால் 100 ஆம்பியர் ஓடவேண்டும். கம்பியின் தடை ஓர் ஓம் ஆயினும் 10,000 வாட் வெப்பமாய் வீணாகும். அதே திறனை 23,000 வோல்ட்டில் அனுப்பினால் ஓர் ஆம்பியர் போதும். வீணாவது ஒரு வாட்டே. இவ்வுண்மை இல்லையேல், மலையில் எடுத்த மின்சாரம் பெரும்பாலும் வழியிலேயே கம்பியைச் சுடவைத்துக் கழிந்திருக்கும்.

ஓம் இளமை முதல் விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852ஆம் ஆண்டில் மியூனிக்கில் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. இரண்டே ஆண்டுகளில், 1854ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

1881ஆம் ஆண்டில் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகாக ஓம் என்பதை ஏற்றுக்கொண்டது. தம் வாழ்வின் பெரும்பகுதியில் தடைகளையே கண்ட ஒருவரின் பெயர், தடையை அளக்கும் அலகாய் நிலைத்தது. பாராட்டு வரினும் வாராதொழியினும் உண்மையைப் பொறுமையுடன் அளந்து காண்பதே அறிவியலார் கடமை என்பதை, ஏழை ஆசிரியராய் உழைத்த அப்பெருமகனாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.