வைர நிலமும் இராப் பள்ளிக்கூடமும்

வியாபாரக் கம்பெனிகள் தம் சிப்பந்திகளுக்கு ஊக்கமூட்டும் பொருட்டுப் பெருந்தொகை கொடுத்துப் பிரசங்கிகளை அழைப்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்திற்கு முன்னோடிகளாய் விளங்கியவருள் ஒருவர் அமெரிக்கரான ரஸ்ஸல் கான்வெல். அவருடைய சரித்திரத்தில் மெச்சத்தக்கதும் உண்டு, மறுக்கத்தக்கதும் உண்டு.

கான்வெல் 1843-ஆம் ஆண்டில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் எளிய குடியானவர் வீட்டில் பிறந்தார். யேல் கலாசாலையில் பயின்றார். அடிமைத்தனத்தைப் பற்றி மூண்ட உள்நாட்டு யுத்தத்தில் வடமாகாணச் சேனையில் காப்டனாயிருந்தார். பின்னர் வக்கீலானார், பத்திரிகை நடத்தினார், முடிவில் கிறிஸ்தவப் போதகராகி, 1882-இல் பிலடெல்பியா நகரம் சேர்ந்தார்.

அவருக்குப் பெரும் புகழ் தந்தது வைர நிலங்களைப் பற்றிய ஒரே உபந்நியாசம். அதனை ஊர் ஊராய்ச் சென்று ஆறாயிரம் தடவைக்கு மேல் நிகழ்த்தினார். சிந்து நதிக்கு அருகே வாழ்ந்த குடியானவன் ஒருவன் வைரம் தேடும் ஆசையால் நிலத்தை விற்றுத் தேசாந்தரம் போய் மாண்டான். அவன் விற்ற நிலத்திலேயே கோல்கொண்டா வைரங்கள் வெளிப்பட்டன என்பது கதை. கோல்கொண்டா வைரங்கள் கிடைத்தது கிருஷ்ணா நதிப் பிரதேசத்தில் என்பதை நாம் அறிவோம். கதையின் பூகோளம் பிழையாயினும், அவர் வியாபாரிகளுக்குச் சொன்ன யோசனை பிழையன்று. ஜனங்களுக்கு எது வேண்டுமென்று முதலில் விசாரித்தறிந்து, பிறகு சரக்கு வாங்குக என்றார். வேண்டாத ஊசியும் பொத்தானும் வாங்கிக் கைம்முதலில் பாதிக்கு மேல் இழந்து, அதனால் புத்தி தெளிந்து பெருவணிகரான நியூயார்க் ஸ்டூவர்ட்டை உதாரணம் காட்டினார்.

ஆனால் அவர் அதனோடு நிற்கவில்லை. செல்வரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் யோக்கியர் என்றும், இரங்கத்தக்க ஏழைகள் மிகச் சிலரே என்றும் போதித்தார். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. 1892-இல், அவர் வாழ்ந்த அதே பென்ஸில்வேனியா மாகாணத்தில், ஹோம்ஸ்டெட் எஃகுத் தொழிலாளர் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்றனர். முதலாளிகள் அனுப்பிய ஆயுதபாணிகளுடன் நிகழ்ந்த கலகத்தில் பலர் உயிரிழந்தனர். அத்தொழிலாளர் தம் நிலத்தை விட்டு அலைந்தவரல்லர். தோண்டியவர் அவர்கள், வைரம் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

கான்வெலின் வாழ்க்கையே அவர் வாக்கைத் திருத்திற்று. 1884-இல் படிக்க வசதியற்ற வாலிபன் ஒருவன் அவரிடம் வந்தான். உன் கொல்லையைத் தோண்டு என்று சொல்லி அவனை அனுப்பிவிடவில்லை. பகலில் உழைப்போருக்கு இரவில் பாடம் சொல்லத் தொடங்கினார். முதலில் வந்தவர் எழுவர். அந்த இராப் பள்ளிக்கூடமே 1888-இல் டெம்பிள் கலாசாலையாகி, 1907-இல் சர்வகலாசாலையாயிற்று. உபந்நியாசத்தில் ஈட்டிய பொருளை ஏழை மாணவரின் படிப்புக்கே வழங்கினார். 1925-இல் அவர் மறைந்தார். சர்வகலாசாலை இன்றும் பல்லாயிரவருக்குக் கல்வியளித்து வருகிறது.

ஊக்கம் நல்லதே; அதை நாம் இகழவில்லை. ஆனால் கூலியை உயர்த்த மனமில்லாத முதலாளி, அதற்குப் பதிலாக ஒரு மணி நேரப் பிரசங்கத்தை அளிப்பானாயின், அது ஊக்கமன்று; ஏய்ப்பு. கைதட்டல் ஓய்ந்தபின் கேட்டவன் கையில் என்ன மிஞ்சிற்று என்பதைக் கொண்டே இத்தகைய பிரசங்கிகளை மதிப்பிட வேண்டும். கான்வெலின் கதையை ஆயிரம் பேர் திருப்பிச் சொல்கிறார்கள். அவருடைய பள்ளிக்கூடத்தைத் திருப்பிக் கட்டுவோர் எத்தனை பேர்?